‘ஜட்ஜ்மென்ட் கால்’ என்று சொல்லிக் கதவைச் சாத்தாதீர்கள்

பெரிய லீக் பேஸ்பாலின் விதிக்குழுவினருக்கும், அந்த விதிகளைச் சுமந்துகொண்டு களத்தில் நிற்கும் அம்பயர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பயர். அமெச்சூர் ஆட்டங்களுக்குப் போவேன், கூட ஒருவர் வருவார், மொத்தமே இரண்டு பேர்தான். உங்களுக்கு நான்கு பேர், பிளேஆஃப் என்றால் ஆறு பேர், அதற்கும் மேலே நியூயார்க்கில் திரைகள் நிறைந்த ஒரு ரீப்ளே அறை. எங்களிடம் இருப்பது நாலு கண்ணும் ஒரு விதிப் புத்தகமும். அந்தப் புத்தகமும் நீங்கள் எழுதியது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் முன்பு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பேஸிலிருந்து ஒரு ரன்னர் கிளம்பி மூன்றாம் பேஸைச் சுற்றி ரன் எடுக்க ஹோமுக்கு வருகிறார். மூன்றாம் பேஸ்மேன் கையில் பந்து இல்லை, அவரிடம் வரப்போவதும் இல்லை, அது அவுட்ஃபீல்டிலிருந்து நேராகக் கேட்சரை நோக்கிப் பறந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் அவர் பேஸின் மூலையில் வேடிக்கை பார்த்தபடி நிற்கிறார். ரன்னர் அவரை இடிக்கவில்லை. அரை எட்டு தயங்கி, வெளிப்பக்கமாக வளைந்து ஓடி, ஹோம் பிளேட்டுக்கு ஒரு கை நீளம் இருக்கும்போது டேக் ஆனார், பந்தோடு இருந்த கேட்சர் அவரைத் தொட்டுவிட்டார். பிளேட்டில் நின்ற என் கூட்டாளி அவுட் என்று முஷ்டியை உயர்த்தினார். பேஸ் பக்கம் நின்ற நான் அதற்கு முன்பே மூன்றாம் பேஸைக் கையால் காட்டி அப்ஸ்ட்ரக்ஷன், அதாவது பந்து இல்லாத ஃபீல்டர் ரன்னரை மறித்தார் என்று சொல்லியிருந்தேன். கூடிப் பேசினோம். “தொடவே இல்லையே” என்றார். தொட வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை என்றேன். சரி, அதை ஒத்துக்கொண்டார். அப்புறம் அடுத்த கேள்வி: அந்த அரை எட்டு தாமதம் இல்லாவிட்டால் ரன்னர் தப்பியிருப்பாரா? தப்பியிருப்பார் என்கிறேன் நான், எப்படியும் அவுட்தான் என்கிறார் அவர். கோச் வந்து காரணம் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். கூட்டாளி சொன்ன பதில் மூன்றே சொல்: “ஜட்ஜ்மென்ட் கால், கோச்.” கோச் திரும்பிப் போய்விட்டார். மனசு ஆறவில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

அம்பயரின் கணிப்பு, மேலே பேச்சில்லை என்று பொருள்படும் அந்த மூன்று சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

ஜட்ஜ்மென்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பேஸ் ஓட்ட விதிகளில் பாதி அம்பயரின் கணிப்பில்தான் நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும், இருபத்தேழு மீட்டரை நான்கு நொடியில் கடக்கும் ஒருவரை அளவுகோல் வைத்து அளக்க முடியாது. ஆனால் என்னத்தைக் கணித்தீர்கள், அதில் எந்தப் பகுதி விதி, எந்தப் பகுதி உங்கள் கண் என்று பிரித்துச் சொல்லலாம் அல்லவா? அதைச் சொல்லாததால்தான் ஒரே புத்தகத்தைப் படித்த இரண்டு அம்பயர்கள் எதில் வேறுபடுகிறோம் என்றே தெரியாமல் மல்லுக்கட்டுகிறோம். என் கூட்டாளியும் நானும் முதல் ஐந்து நிமிடம் சண்டை போட்டது விதியைப் பற்றி. உண்மையில் எங்கள் வேறுபாடு விதியில் இல்லவே இல்லை, அரை எட்டு என்பது எவ்வளவு நேரம் என்பதில் இருந்தது.

2013 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸ், ஒன்பதாம் இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, ஸ்கோர் 4-4. மூன்றாம் பேஸுக்கு எறிந்த பந்து தப்பிப்போக, அதைப் பிடிக்கப் பாய்ந்த பாஸ்டனின் வில் மிடில்புரூக்ஸ் தரையில் கிடக்கிறார், எழுந்து ஓடப்பார்த்த ஆலன் கிரெய்க் அவர்மேல் தடுக்கி விழுகிறார், பிறகு ஓடி வந்து ஹோமில் டேக் ஆகிறார். ஆனால் மூன்றாம் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தடுக்கிய நொடியிலேயே அப்ஸ்ட்ரக்ஷன் காட்டிவிட்டார், பிளேட் அம்பயர் டேனா டிமுத் சேஃப் என்றார், ஆட்டம் 5-4 என்று முடிந்தது. பாஸ்டன் ரசிகர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: அவர் வேண்டுமென்றா செய்தார், தரையில் கிடந்தவர் எங்கே போவார்? அதற்கு விதியில் நேரடியான பதில் உண்டு. உள்நோக்கம் தேவையில்லை. பந்தைப் பிடிக்கும் முயற்சியில் இருக்கும்வரைதான் ஃபீல்டருக்கு அந்த இடத்தில் உரிமை, பந்து தாண்டிப் போய்விட்டால் உரிமையும் போய்விட்டது. விதியின் குறிப்பிலேயே பாய்ந்து விழுந்து தரையில் கிடக்கும் இன்ஃபீல்டர் உதாரணமாக வருகிறார், ஆனால் அங்கே நீங்கள் போட்டிருக்கும் வார்த்தையைப் பாருங்கள்: அப்படிக் கிடந்து ரன்னரைத் தாமதப்படுத்தினால் அது “மிகப் பெரும்பாலும்” அப்ஸ்ட்ரக்ஷன். அந்தப் “பெரும்பாலும்” இருக்கிறதே, எங்களைப் போன்றவர்களின் பாதிச் சண்டை அதற்குள்தான் நடக்கிறது.

அன்றிரவு உங்கள் ஆட்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. ஜாய்ஸும் டிமுத்தும் குழுத் தலைவர் ஜான் ஹிர்ஷ்பெக்கும் பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்து, எதைப் பார்த்தோம், எந்த விதி, ஏன் என்று சொன்னார்கள். கத்தியவர்கள் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் மறுநாள் வாதம் விதியைப் பற்றியதாக இருந்தது. (இதே ஜாய்ஸ்தான் 2010-இல் ஒரு பேட்டரையும் பேஸ் சேரவிடாமல் அர்மாண்டோ கலராகா வீசிக்கொண்டிருந்த பெர்ஃபெக்ட் கேமைக் கடைசி அவுட்டில் தவறான சேஃப் தீர்ப்பால் கெடுத்துவிட்டு, தப்பு என்னுடையது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர்மேல் மரியாதை கூடியதே தவிர குறையவில்லை.)

சரி, அப்ஸ்ட்ரக்ஷனில் உள்நோக்கம் வேண்டாம். அப்படியானால் எதிர்ப்பக்கத்தில், ரன்னர் ஃபீல்டரை இடைஞ்சல் செய்யும் இன்டர்ஃபியரன்ஸில்? இங்கேதான் நீங்கள் எங்களைச் சுற்றலில் விடுகிறீர்கள். அடித்த பந்தைப் பிடிக்க வரும் ஃபீல்டருக்கு ரன்னர் இடைஞ்சலாக இருந்தால், தெரிந்தோ தெரியாமலோ, அவுட். எறிந்த பந்து என்றால் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் பிளேயைக் கெடுக்க அடித்த பந்தில் வேண்டுமென்றே கை வைத்தால் இரண்டு பேர் அவுட். ஹோமிலிருந்து முதல் பேஸுக்கு ஓடும் பாதையில், எறிந்த பந்தாக இருந்தாலும், மறுபடி உள்நோக்கம் வேண்டாம். நான்கு நிலைமை, நான்கு அளவுகோல். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

1978 உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் ரெஜி ஜாக்சன் முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிறார், ஏற்கெனவே அவுட் ஆனவர், டபுள் பிளேக்காக பில் ரஸ்ஸல் எறிந்த பந்து அவர் இடுப்பில் பட்டுத் திசை மாறுகிறது, யாங்கீஸுக்கு ஒரு ரன். இடுப்பை நீட்டினாரா, நின்ற இடத்தில் பந்து வந்து பட்டதா? டாமி லசோர்டா குதித்தார், அம்பயர்கள் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள், யாங்கீஸ் பத்து இன்னிங்ஸில் 4-3 என்று ஜெயித்தது. அந்தப் படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன், இடுப்பு நகர்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. என் கூட்டாளி நகரவில்லை என்கிறார். இருக்கட்டும். இது நிஜமாகவே கண்ணைப் பொறுத்த விஷயம்.

ஆனால் 2024 மே 23-ஆம் தேதி சிகாகோவில் நடந்தது அப்படிப்பட்டதா? வைட் சாக்ஸ் ஒன்பதாம் இன்னிங்ஸில் துரத்திக்கொண்டிருக்கிறது, ஒரு அவுட், ஆண்ட்ரூ பெனின்டெண்டி அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப் பக்கம் மேலே போகிறது, இன்ஃபீல்ட் ஃப்ளை, அதாவது பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட் என்று அறிவித்ததால் அவர் அவுட். இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தை அண்ணாந்து பார்த்தபடி வந்த கன்னர் ஹெண்டர்சனின் வழியில் மாட்டிக்கொண்டார். ஹெண்டர்சன் பந்தைப் பிடித்தும்விட்டார். ஆனாலும் மூன்றாம் பேஸ் அம்பயர் ஜூனியர் வாலன்டைன் வானுக்கு இன்டர்ஃபியரன்ஸ் கொடுக்க, ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது, ஓரியோல்ஸுக்கு 8-6 வெற்றி. பந்தைப் பிடித்துவிட்டாரே, அப்புறம் என்ன இடைஞ்சல் என்று கேட்காதவர் இல்லை. விதியில் உள்ள சொல், “இடைஞ்சல் செய்தால்”. பிடிக்க விடாமல் செய்தால் என்று இல்லை. எழுத்துப்படி அந்தத் தீர்ப்புக்கு இடம் உண்டு. ஆனால் எவ்வளவு உரசினால் இடைஞ்சல்? எப்படியும் பேட்டர் அவுட் ஆகிவிட்ட பந்தில், ஃபீல்டர் ஒரு எட்டுகூடத் தடுமாறாதபோது? எனக்குத் தெரிந்த அம்பயர்களில் பாதிப்பேர் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்றார்கள், மீதிப்பேர் விதி விதிதான் என்றார்கள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் நான் கேட்பது, ஒரு ஆட்டமே அதில் முடிகிறது, அந்த மைதானத்திலிருந்து வெளியே போனவர்களில் எத்தனை பேருக்கு ஏன் என்று தெரிந்திருக்கும்?

இனி முதல் பேஸுக்குப் போகும் அந்த மூன்றடிப் பாதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு அம்பயர்களுடையது இல்லை, கோடு போட்டவர்களுடையது. ஹோமிலிருந்து முதல் பேஸ்வரை தொண்ணூறு அடி, அதில் கடைசி நாற்பத்தைந்து அடிக்கு, ஆட்ட எல்லையைக் காட்டும் ஃபவுல் கோட்டின் வெளிப்பக்கம் மூன்றடி அகலத்தில் ஒரு பாதை. 2023 வரை விதி இப்படி: பேட்டர் அதற்குள் ஓட வேண்டும். வெளியே ஓடி, எறிதலைப் பிடிக்க வரும் ஃபீல்டருக்கு இடைஞ்சல் செய்ததாக அம்பயர் கருதினால் அவுட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் பேஸ் எந்தப் பக்கம் இருக்கிறது? முழுக்க முழுக்கக் கோட்டின் உள்பக்கம். வலது கை பேட்டர் எங்கிருந்து கிளம்புகிறார்? அதுவும் உள்பக்கம். உள்ளிருந்து உள்ளே இருக்கும் இடத்துக்கு நேராக ஓடினால் பாதைக்கு வெளியே ஓடுவதாகும். விதியை மதித்து ஓட வேண்டுமானால் வெளியே போய்விட்டு, கடைசி எட்டில் பேஸைத் தொட மறுபடி உள்ளே வர வேண்டும். வீட்டு வாசல் சுவருக்குள் இருக்கும்போது சுவரைச் சுற்றி வா என்பது போல.

2019 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், ஹியூஸ்டனில், ட்ரே டர்னர் செய்தது அதைத்தான், நேராக ஓடினார். ஏழாம் இன்னிங்ஸ், வாஷிங்டன் 3-2 என்று முன்னிலை, யான் கோம்ஸ் முதல் பேஸில். பிட்சர் எறிந்த பந்தும், யூலி குரியெலின் கையுறையும், டர்னரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர, பந்து தப்பிப் போனது. அவுட் இல்லாமல் இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் ஆட்கள் நிற்க வேண்டிய இடத்தில், பிளேட் அம்பயர் சாம் ஹோல்புரூக் டர்னருக்கு அவுட் கொடுத்து, கோம்ஸை முதல் பேஸுக்குத் திருப்பி அனுப்பினார். பிறகு நிமிடக் கணக்கில் அம்பயர்கள் காதில் ஹெட்செட்டோடு நின்றார்கள், எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அதே இன்னிங்ஸில் ஆன்டனி ரெண்டன் ஹோம் ரன் அடித்தார், அணி 7-2 என்று ஜெயித்தது, ஆனாலும் மேலாளர் டேவ் மார்டினெஸ் இன்னிங்ஸ் இடைவேளையில் வந்து கொதித்து வெளியேற்றப்பட்டார். எல்லாம் முடிந்த பிறகு லீக் அதிகாரி ஜோ டோரே வந்து, முதல் பேஸ்மேனின் பிடிக்கும் முயற்சிக்கு டர்னர் இடைஞ்சல் செய்தார், அது அம்பயரின் கணிப்பு என்று விளக்கினார். அந்த ஒரு வாக்கியத்தை அந்த நிமிடமே ஹோல்புரூக் மைதானத்தில் சொல்லியிருந்தால் என்ன? மார்டினெஸ் அப்போதும் கத்தியிருப்பார். ஆனால் எதை எதிர்த்துக் கத்துகிறோம் என்று தெரிந்து கத்தியிருப்பார்.

2024-இல் நீங்கள் விதியை மாற்றி, கோட்டுக்கு உள்பக்கம் புல்வரை உள்ள மண் பகுதியிலும் ஓடலாம் என்று விட்டீர்கள், பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு அங்குலம். நல்ல மாற்றம், தாமதமான மாற்றம். என்றாலும் அது “எங்கே ஓடினார்” என்ற பாதிக் கேள்விக்குத்தான் பதில். “இடைஞ்சல் செய்தாரா” என்ற மறுபாதி அப்படியே இருக்கிறது.

மூன்றடி என்றவுடன் ஞாபகம் வருகிறது, இன்னொரு மூன்றடி. டேக்கைத் தவிர்க்க ரன்னர் தன் பாதையிலிருந்து மூன்றடிக்கு மேல் விலகினால் அவுட். இதை ரசிகர்கள் மட்டுமல்ல, கோச்சுகளில் பலரே தப்பாகத்தான் வைத்திருக்கிறார்கள், பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு அதிலிருந்து மூன்றடி என்று. பேஸ் பாதை என்பது அப்படி நிரந்தரமாகக் கிடப்பது இல்லை. டேக் செய்ய முயலும் அந்த நொடியில்தான் அது பிறக்கிறது, ரன்னர் நிற்கும் இடத்திலிருந்து அவர் போக நினைக்கும் பேஸுக்கு ஒரு நேர்கோடு. ஹாவியர் பாயெஸ் 2021 மே மாதம் பிட்ஸ்பர்கில் செய்தாரே, அதைப் பார்க்காதவர்கள் குறைவு: முதல் பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர் வில் கிரெய்க் பந்தோடு நிற்பதைப் பார்த்துத் திரும்பி ஹோமை நோக்கி ஓட ஆரம்பித்தார், கிரெய்க் பின்னாலேயே துரத்தினார், இரண்டு அவுட் ஆகியிருந்தது, திரும்பி முதல் பேஸைத் தொட்டிருந்தால் இன்னிங்ஸே முடிந்திருக்கும், அதை விட்டுவிட்டு ஹோம்வரை துரத்திப் பந்தைக் கேட்சருக்குத் தட்டிவிட, வில்சன் கான்ட்ரெராஸ் சறுக்கி ரன் எடுத்தார், பாயெஸ் தானே கையை விரித்து சேஃப் காட்டிவிட்டு மறுபடி முதல் பேஸுக்கு ஓடினார். பின்னால் ஓடியது குற்றம் இல்லையா என்று எனக்கு எத்தனை பேர் செய்தி அனுப்பினார்கள் தெரியுமா. இல்லை. ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டிருந்தால்தான் அவுட்.

இதில் அம்பயர்களுக்குள் எங்கே பிரிகிறோம் என்றால், டேக் முயற்சி எப்போது தொடங்குகிறது என்பதில். ஃபீல்டர் துரத்த ஆரம்பித்தாலே முயற்சி என்பார் ஒருவர், கையுறையை நீட்டினால்தான் என்பார் இன்னொருவர். ஒரு எட்டு வைத்துக் கையை நீட்டியும் தொட முடியாவிட்டால் மூன்றடி தாண்டிவிட்டது என்று கணக்கு வைப்பவர்கள் ஏராளம், நானும் அப்படித்தான், ஆனால் அது புத்தகத்தில் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டது. உயரமான ஃபீல்டருக்கும் குட்டையான ஃபீல்டருக்கும் ஒரே மூன்றடியா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

பந்தும் ரன்னரும் ஒரே நொடியில் பேஸுக்கு வந்தால், “டை ஆனால் ரன்னருக்கு” என்ற பழைய சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. ஒரு விதியைப் படித்தால் பேட்டர் தொடுவதற்கு முன் பந்து வந்திருக்க வேண்டும், இன்னொன்றைப் படித்தால் அவுட் ஆவதற்கு முன் ரன்னர் தொட்டிருக்க வேண்டும். கிரிக்கெட்டில் சந்தேகத்தின் பலன் பேட்டருக்கு என்றாவது ஒரு மரபு உண்டு. இங்கே அம்பயர்கள் டை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

ஆனால் அம்பயர்களே இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு உங்கள் புத்தகத்தில் தெளிவான வழி இருக்கிறது: தலைமை அம்பயர் எல்லோரையும் கூட்டி, யார் நல்ல இடத்தில் நின்று பார்த்தார், யாருடைய தீர்ப்பு சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். 2004-இல் முதல் பேஸுக்கு ஓடிய அலெக்ஸ் ரோட்ரிகெஸ், தன்னை டேக் செய்ய வந்த பிரான்சன் அரோயோவின் கையுறையைத் தட்டிப் பந்தை விழவைத்தபோது முதலில் சேஃப், பிறகு அம்பயர்கள் கூடிப் பேசி அவுட், ரன் எடுத்திருந்த டெரெக் ஜீட்டர் முதல் பேஸுக்குத் திரும்பினார். அது வேலை செய்த உதாரணம்.

வேலை செய்யாத உதாரணம் வேண்டுமானால் 1908-க்குப் போக வேண்டும். செப்டம்பர் 4, பிட்ஸ்பர்க். கடைசி ரன் வந்தவுடன் முதல் பேஸில் இருந்த ரன்னர் வாரன் கில் இரண்டாம் பேஸைத் தொடாமல் திரும்பிவிட்டார். விதிப்படி அவர் தொட்டாக வேண்டும், அதற்குமுன் பந்து அங்கே வந்தால் அவர் அவுட், அது மூன்றாவது அவுட் என்றால் அந்த ரன்னும் செல்லாது. கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் பந்தோடு இரண்டாம் பேஸில் நின்று அவுட் கேட்டார், அம்பயர் ஹாங்க் ஓ’டே நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். பத்தொன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அதே எவர்ஸ், அதே ஓ’டே, அதே விதி, இந்த முறை தொடாமல் போனவர் பத்தொன்பது வயது ஃப்ரெட் மெர்கில். இரண்டாவது அம்பயர் பாப் எம்ஸ்லி கவனிக்கவில்லை, ஓ’டேயைக் கேட்டார்கள், ஓ’டே அவுட் என்றார். ஆட்டம் டை, பிறகு மறு ஆட்டம், அதில் ஜயன்ட்ஸ் தோற்றுக் கோப்பை வாய்ப்பையும் இழந்தது, மெர்கிலுக்கு வாழ்நாள் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவுட் சரிதான். ஆனால் முதல் சம்பவத்துக்குப் பிறகு, இனி இந்த விதியைக் கண்டிப்பாகப் பார்ப்போம் என்று ஊரறியச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் ஓடிப்போய்த் தொட்டிருப்பானே.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. 2022-லிருந்து உங்கள் அம்பயர்களிடம் மைக் இருக்கிறது, ரீப்ளே முடிவை மைதானத்துக்கே அறிவிக்கிறார்கள். அதே மைக்கில் அப்ஸ்ட்ரக்ஷன், இன்டர்ஃபியரன்ஸ், பாதை விலகல் இவை மூன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லட்டும். “மூன்றாம் பேஸ்மேன் பந்து இல்லாமல் வழியில் நின்றார், மறிக்காவிட்டால் ரன்னர் ஹோமை அடைந்திருப்பார் என்று கணித்தேன், ரன் உண்டு.” பத்து நொடி. வாதம் அதிகமாகும் என்று நீங்கள் பயப்படலாம், ஆட்டம் நீளும் என்றும் சொல்லலாம். 2019-இல் ஒன்றும் சொல்லாமலே எவ்வளவு நேரம் போனது என்று பாருங்கள். 2020-லிருந்து ஆட்டத்தை எதிர்த்து முறையீடு செய்யும் வழியையும் எடுத்துவிட்டீர்கள், ஆக காரணத்தையாவது கொடுங்கள்.

கூடவே இன்னொன்று. சீசன் முடிந்ததும், பிரச்சினையான பத்துப் பதினைந்து பேஸ் ஓட்டத் தீர்ப்புகளை எடுத்து, இது சரி, இது தப்பு, இது இரண்டு பக்கமும் போகலாம் என்று விதிப் புத்தகத்தின் குறிப்புகளிலேயே சேருங்கள். பள்ளி ஆட்டங்களுக்கு விதி எழுதுகிறவர்கள் சம்பவங்களாகவே ஒரு தனிப் புத்தகம் போடுகிறார்கள், அங்கே அப்ஸ்ட்ரக்ஷன் என்றால் குறைந்தது ஒரு பேஸ் உண்டு என்று தீர்மானமாகவும் வைத்திருக்கிறார்கள். உங்கள் முறையில், மறித்த நொடியில் அந்த ரன்னரை அவுட் ஆக்கும் முயற்சி நடக்கவில்லை என்றால், எவ்வளவு கொடுப்பது என்பது அம்பயரின் கணிப்பு. எனக்கு உங்கள் முறைதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் 2003-இல் ஓக்லாந்தின் மிகெல் தெஹாடா மறிக்கப்பட்டவுடன் தனக்கு ஹோம் கிடைத்துவிட்டது என்று நினைத்து நடுவழியில் ஓட்டத்தை நிறுத்தி டேக் ஆனாரே, அவருக்கே அந்த விதி தெளிவாக இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆடும் பையன்களிடம் என்ன எதிர்பார்ப்பது?

இப்படிக்கு,
இரண்டு பேரில் ஒருவன்

பி.கு.: அந்த ரன்னைக் கணக்கில் சேர்த்தோம். நல்ல இடத்தில் நின்று பார்த்தது நான்தான் என்பதால் கூட்டாளி விட்டுக்கொடுத்தார். அரை எட்டு இல்லை, கால் எட்டுதான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.